தட்டு பிடிச்ச கை

யாரு, நானா? நான் கலந்ததுல தப்பா? சார், கொஞ்சம் நில்லுங்க சார், வாயை அப்படி அழகா அசைச்சுக்கிட்டே போகாதீங்க, கலவை தப்புன்னா எந்தக் கலவை, எந்த பாட்டில், எந்தக் கை, அதைச் சொல்லுங்க மொதல்ல. நூத்துக்கு எத்தனை நைட்ரோ, எத்தனை மெத்தனால்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், உங்களைக் கேட்டா சொல்லிருவீங்களா? இப்படி இசக்கி கேட்டுக்கிட்டே இருந்தா, ஆனா உதடு பிரியல. செமினார் ஹால்ல மூணாவது வரிசையில, ஏசி காத்து நேரா உச்சந்தலையில அடிக்கிற சீட்டுல உக்காந்துக்கிட்டு, மேடையையே முறைச்சுக்கிட்டிருந்தா. மேடையில ஞானசுந்தரம் சார், மெக்கானிக்கல் துறைத் தலைவர், மைக்கைப் பிடிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. அவளுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேக்கல. காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல், போன வாரம் வொர்க்‌ஷாப் வாசல்ல எஞ்சின் வெடிச்சப்ப ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல. இடது காதுல சவ்வு கிழிஞ்சு போச்சு, வலது காது வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் எழுதிக் காட்டினாரு. கேக்காட்டி என்ன, அதான் அவருக்குப் பின்னாடி ஸ்கிரீன்ல ஆள் உயரத்துக்கு எழுத்துப் போட்டு வச்சிருக்காரே. விபத்துக்குக் காரணம்: ஹியூமன் எரர். எரிபொருள் கலவையில் தவறு. பொறுப்பு: இசக்கியம்மாள், இறுதியாண்டு மாணவி. ஹியூமன் எரராம். ஏன் சார், நீங்க ஹியூமன் இல்லையா? இந்த ஹால்ல ஹியூமன்னு ஒருத்திதான் இருக்காளா? அந்த ஸ்லைடு அப்படியே மாறாம நின்னுச்சு, சாரோட நிழல் அதுமேல விழுந்து விழுந்து எழுந்திரிச்சுது, நிழலோட தலை சரியா அவ பேருமேல வந்து உக்காந்துச்சு, விலகுச்சு, மறுபடியும் உக்காந்துச்சு. இன்னைக்கு இந்த விசாரணைக் கூட்டம் முடிஞ்சா அந்தப் பேரு அப்படியே நின்னுரும். காலேஜை விட்டு அனுப்பிருவாங்க. போனாப் போகட்டும், ஊர்ல போய் எருமை மேய்க்கேன். ஆனா முதல் வரிசையில, வெள்ளைத் தொப்பியும் கசங்கின சட்டையுமா ஒருத்தர் உக்காந்திருக்காரே, வெடிச்ச எஞ்சின் பக்கத்துல நின்ன சிக்கந்தரோட அத்தா, அவனைப் பெத்தவரு, அவரும் அந்த ஸ்லைடைத்தானே படிச்சுக்கிட்டிருக்காரு. ஒவ்வொரு எழுத்தாப் படிக்காரு. அவர் கழுத்து இடமிருந்து வலமா மெதுவாத் திரும்புறது இங்கிருந்தே தெரியுதே. இசக்கியம்மாள்னு படிக்கிற இடத்துல அந்தக் கழுத்து நின்னுச்சே. ஏ அத்தா, அது நான் இல்ல. நான்தான். இல்ல, நான் இல்ல.

சிக்கந்தர்தான் எங்க டீமோட ரேஸ் வண்டிக்கு சுருட்டுன்னு பேரு வச்சான். கார்னு சொன்னா கார் வச்சிருக்கிறவங்க கோவிச்சுக்குவாங்க, அப்படி ஒரு சாமான் அது: நீளமா, ஒல்லியா, இரும்புக் குழாயைக் கூண்டு மாதிரி வளைச்சு, முன்னால சைக்கிள் சக்கரம் கணக்கா ரெண்டு, பின்னால குண்டுப் பொம்பள மாதிரி ரெண்டு டயரு, நடுவுல ஒருத்தன் மல்லாந்து உக்காரக் குழி, அவன் முதுகுக்குப் பின்னால எஞ்சின். அதுக்குத் திரும்பத் தெரியாது, பிரேக்கை நம்பி நிக்கத் தெரியாது, ஹாரன் கிடையாது. நானூறு மீட்டர் நேரா ஓடணும், பின்னால பாராசூட் குடையை விரிச்சு நிக்கணும், அவ்வளவுதான் அதோட பொழப்பு. அம்மாகிட்டப் போன்ல விளக்கிச் சொன்னப்ப, ஏட்டி, செருப்பைக் கழட்டிட்டு உக்காருறதுக்குள்ள முடிஞ்சிரும் போலயே, இதுக்கா சோறு தண்ணியில்லாம கெடக்கன்னு கேட்டா. இதுக்குத்தாம்மா. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள உலகத்துல வேற எதுவும் அவ்வளவு வேகமா கிளம்பாதும்மா. எஞ்சினைக் கண்டுபிடிச்சது சிக்கந்தர். உக்கடத்துல அவங்க அத்தாவுக்குப் பழைய இரும்புக் கடை, கொச்சியில உடைச்ச ஏதோ ஒரு படகோட எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்து ஒரு மூலையில கிடந்திருக்கு, அன்னைக்கு கிளாஸுக்குப் பின் வாசல்ல வந்து நின்னு, ஏய் அல்வா, வெளிய வா, உனக்கொரு மாப்பிள்ளை பாத்திருக்கேன், எட்டு வாய், ஒண்ணுலயும் பல்லு கிடையாது, உனக்கு ஏத்த ஆளுன்னான். திருநெல்வேலிக்காரின்னா அல்வாவாம், அப்ப இரும்புக்கடைக்காரர் மகன் தகரம். போலே தகரம், எட்டு வாயும் உன் வாய் மாதிரி நாறாம இருந்தாச் சரின்னு சொன்னா இவ. போய்ப் பாத்தா நெசமாவே நாறுச்சு. உள்ள மீன் செதில். அதைக் கழுவி, பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு, மேல காத்தை அமுக்கி உள்ள தள்ளுற புளோயரை மாட்டி, அது மேல ஊதுகுழல் மாதிரி ஒரு வாய் வச்சு. வாய்னுதான் சொல்லுவாங்க அதை. எரிபொருள் பொறுப்பு இசக்கிக்கு. ஏன்னா அவதான் பயப்படுவா. சிக்கந்தர் அப்படித்தான் சார்கிட்டச் சொன்னான், சார், இவளுக்கு வாய் மட்டும்தான் நீளம், உள்ளுக்குள்ள பயந்தாங்கொள்ளி, நைட்ரோவை பயந்தாங்கொள்ளிகிட்டதான் குடுக்கணும். சார் சிரிச்சாரு. எனக்கு அவர் சிரிச்சது ஞாபகம் இருக்கு, இப்ப மேடையில நிக்கிற இதே ஆளு, சட்டைக் கையை மடிச்சுவிட்டு, எங்களோட தரையில உக்காந்து பரோட்டா தின்னுக்கிட்டு, விரல்ல கிரீஸும் சால்னாவும் ஒண்ணாக் கலந்து கிடக்க, சிரிச்ச ஆளு. அந்த ஆளையா இப்ப நான் முறைச்சுக்கிட்டிருக்கேன்? ஆமா, அந்த ஆளைத்தான். எந்த ஆளா இருந்தா என்ன.

பெட்ரோல் எரியணும்னா வெளியிலிருந்து காத்து வேணும். நைட்ரோ அப்படி இல்ல, எரியறதுக்கான காத்துல பாதியைத் தன் மடியிலேயே கட்டிக்கிட்டு வரும். அதனால பெட்ரோலை விடப் பல மடங்கு உள்ள தள்ளலாம், தள்ளத் தள்ள பலம், வாசனையே மூக்கைப் பிடிச்சுத் திருகும், கண்ணு தன்னால கொட்டும். ஆனா அது நீர். நீரை அமுக்க முடியாது. ஒரு சிலிண்டருக்குள்ள கொஞ்சம் அதிகமாத் தேங்கி நின்னுச்சுன்னா, பிஸ்டன் மேல வரும்போது போக வழியில்லாம இரும்பைப் பிளந்துக்கிட்டுப் போகும், போகும்போது வெடிச்சுக்கிட்டே போகும். அதுக்குத்தான் துப்பல். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால பிளக்கு எட்டையும் கழட்டிட்டு எஞ்சினை வெறுமனே சுத்தவிட்டா, உள்ள தேங்கினதெல்லாம் ஓட்டை வழியாப் பீச்சிக்கிட்டு வெளிய வந்துரும். துப்பியாச்சாம்பான் ஒருத்தன். துப்பியாச்சும்பான் இன்னொருத்தன். அப்புறம் பிளக்கை மாட்டி, வெள்ளை பாட்டில்ல இருக்கிற மெத்தனாலை வாயில ரெண்டு பீச்சு, அவ்வளவுதான், எஞ்சின் பத்திக்கும், பத்தினப்புறம் நைட்ரோ குழாயைத் திறக்கணும். வெள்ளை பாட்டில் வாய்க்கு, நைட்ரோ இருக்கிற சிவப்பு பாட்டில் டாங்குக்கு. இதை அவ எல்லாரையும் சொல்ல வச்சா, பாலர் பள்ளிக்கூடம் மாதிரி, சாரையும் சேத்து. சாரும் சொன்னாரு சிரிச்சுக்கிட்டே. அப்புறம் கை. எஞ்சின் சத்தத்துல பேச்சு கேக்காது, பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது, அதனால எல்லாமே கை ஜாடை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாத்தான் நான் ஸ்டார்ட்டரை அமுக்குவேன், இல்லாட்டி மாட்டேன்னு சிக்கந்தர் சொன்னான். ஸ்டார்ட்டர் அவன் கையில, அவன்தான் எஞ்சினுக்குப் பக்கத்துலயே நிப்பான். இசக்கி ஒத்துக்கல. எதை ஒத்துக்கிட்டா அவ. கட்டை விரலை எந்த முட்டாளும் காட்டிருவான்ல, போட்டோவுக்குக் காட்டுவான், பஸ்ஸுக்குக் காட்டுவான், சரின்னு சொல்ல ஒரு கை எதுக்கு, தப்புன்னு சொல்லத்தான் கை வேணும். உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா நில்லு. காட்டாட்டிப் போ. அரை நாள் சண்டை. போர்டுல படம் போட்டுச் சண்டை. கடைசியில அவன் ரெண்டு கையையும் தலைக்குமேல தூக்கி, அம்மா தாயே, நீ சொன்னதே சரி, உன் உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே என் ஆயுசு போகட்டும்னான். ஜெயிச்சிட்டா. எப்பவும் ஜெயிப்பா. மெஸ்ல, லைப்ரரியில, பஸ் பாஸ் கவுண்டர்ல, எங்க வாயைத் திறந்தாலும் ஜெயிப்பா. அந்த ஒரு சண்டையில மட்டும் தோத்திருக்கக் கூடாதா. மூதி. அந்த ஒண்ணுல மட்டும் அவன் சொன்னதே சரின்னு விட்டிருந்தா, கட்டை விரல் இல்லாம அவன் அமுக்கியிருக்க மாட்டான். கையில அந்தப் பூஜைத் தட்டு இருந்தா கட்டை விரலும் காட்ட முடியாதே. காட்ட முடியாட்டி அவன் அமுக்கவே மாட்டான். நின்னிருப்பான். என்ன அல்வா, கோலம் போட வந்தியான்னு கேட்டுக்கிட்டு நின்னிருப்பான்.

தட்டு. பித்தளைத் தட்டு. விளிம்புல வளைஞ்சு வளைஞ்சு போற பூ வேலை, நடுவுல சந்தனக் கிண்ணம், குங்குமம், நாலு ரோஜா, ஒரு எலுமிச்சம்பழம், அதோ அந்த ஓரத்துல கற்பூரம். அதோட கனம் இன்னும் ரெண்டு மணிக்கட்டுலயும் இருக்கு, மடியில கை சும்மாத்தானே கிடக்கு, ஆனா கனக்குது. காலேஜ் சேர்மன் வராரு, சேர்மனோட வீட்டம்மா வராங்க, சுருட்டை முதல் தடவையா எல்லார் முன்னாலயும் ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். இதுக்கு முந்தின தடவை சேர்மன் வந்தப்ப எஞ்சின் பத்தவே இல்ல, இருமிக்கிட்டே கிடந்துச்சு, சேர்மன் வாட்சைப் பாத்தாரு, போனைப் பாத்தாரு, போயிட்டாரு. அதுக்கப்புறம் மத்த டிபார்ட்மெண்ட்காரங்கல்லாம் சாரைப் பாத்து, என்ன ஞானசுந்தரம், சுருட்டுக்குத் தீப்பெட்டி கிடைச்சுதான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே போவாரு, போய் வொர்க்‌ஷாப்புக்குள்ள வந்து எஞ்சின் மேல கையை வச்சுக்கிட்டுச் சும்மா நிப்பாரு, காய்ச்சல் புள்ள நெத்தியில வைக்கிற மாதிரி. அதை நான் பாத்தேனே. அதைப் பாத்ததாலதானே. இந்தத் தடவை பந்தல், பேண்டு வாத்தியம், பூஜை. கற்பூரம் வேண்டாம் சார்னு அவதான் குதிச்சா, நைட்ரோ இருக்கிற இடத்துல தீயான்னு. சரிம்மா, தீ எஞ்சின் பக்கமே வராது, தட்டு பிடிக்கிற ஆளு பந்தல் கால்கிட்டத் தள்ளியே நிக்கட்டும், அங்கிருந்தே சுத்திக் காட்டிரலாம், நீ சொன்னபடியேன்னாரு. அவ சொன்னபடியேதான். அப்புறம் சேர்மன் வீட்டம்மா இவளைப் பாத்தாங்க. டீம்லயே ஒரே பொண்ணு. அட, பொண்ணு இருக்கே, பொண்ணு தட்டு பிடிச்சா லட்சணமா இருக்குமேன்னாங்க. சார் திரும்பி, வாம்மா இசக்கின்னாரு. எரிபொருள் பொறுப்பு நான் சார்னு சொன்னா. கொஞ்ச நேரம்தானம்மா, எல்லாம் ரெடியாத்தானே இருக்கு, துப்பி முடிச்சாச்சு, பிளக்கு மாட்டியாச்சு, நல்ல நேரம் போகுதுன்னாரு. ஆமா, துப்பி முடிச்சிருந்துச்சு. அவளே முடிச்சிருந்தா. அவளே பிளக்கை இறுக்கி, வெள்ளை பாட்டிலைப் பீச்சி, எல்லாம் சரிதான். அதனால கையை நீட்டினா. தட்டு வந்து உக்காந்துச்சு. இந்த வாய் அப்ப எங்கல போச்சு? பஸ்ல சில்லறை குடுக்காத கண்டக்டரை ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி வைஞ்ச வாய், லட்சணமா இருக்கும்னு ஒரு பட்டுச்சேலை சொன்னதும் எங்க போச்சு? பிடிச்சிருந்துச்சோ? இல்ல. சீ. காய்ச்சல் புள்ள நெத்தியில வச்ச கையை நினைச்சுதான் வாயை மூடினேன். இல்ல, லட்சணம்னு சொன்னதும் கொஞ்சம். கொஞ்சூண்டு. தொலையட்டும்.

அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நிக்கும். மாட்டிக்கிட்ட நூல் மாதிரி, இழுத்தா அறுந்துரும், விட்டா முடிச்சு விழும். பேண்டு வாத்தியக்காரங்க உச்சத்துல. சேர்மன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில வச்சுட்டுப் பந்தலுக்குத் திரும்புறாரு. இவ பந்தல் கால்கிட்ட, தட்டோட, கற்பூரம் எரியுது, சூடு முகத்துல. அப்பதான் பாத்தா, சார் எஞ்சின்கிட்டப் போறாரு. சார் கையில பாட்டில். சிவப்பு. முதல்ல ரோஜாதான் கண்ணுல பட்டிருக்கும், தட்டுல இருக்கிற ரோஜா, அதான் சிவப்பாத் தெரியுதுன்னு ஒரு வினாடி நினைச்சா. இல்ல, பாட்டில்தான் சிவப்பு. அதைக் கவுத்தாரு எஞ்சின் வாய்க்குள்ள. பீச்சல, ஊத்தினாரு. கவுத்துப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. ஏன்னு அவளுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. அவரோட பழைய ஸ்கூட்டர். மழை நாள்ல ஸ்டார்ட் ஆகாட்டி கார்புரேட்டரைத் திறந்து ஒரு மூடி பெட்ரோலை ஊத்தி, ஒரே உதை, பத்திக்கும், எங்ககிட்டயே பெருமையாச் செஞ்சு காட்டியிருக்காரு, பாத்துக்கங்கடா, எந்த எஞ்சினா இருந்தாலும் தொண்டையை நனைச்சாக் கத்தும். தொண்டையை நனைச்சாரு. இந்தத் தடவை சேர்மன் வாட்சைப் பாக்கக் கூடாதுன்னு நனைச்சாரு. வால்வு திறந்து கிடக்கிற ஏதோ ஒரு சிலிண்டருக்குள்ள அது போய்த் தேங்குது, அவளுக்குத் தேங்குறது தெரியுது, இரும்புக்குள்ள பாக்க முடியும்போல அவ்வளவு தெளிவாத் தெரியுது. சார்னு கத்தினா. சார் திரும்பிப் பாத்துச் சிரிச்சுத் தலையாட்டினாரு, போட்டோவுக்குக் கூப்பிடுறான்னு நினைச்சிருப்பாரு. பாட்டிலைக் கீழ வச்சுட்டு, பக்கத்துல நின்னவனையும் கூட்டிக்கிட்டுப் பந்தல் பக்கமா விலகினாரு. சிக்கந்தர் ஸ்டார்ட்டரைக் கையில எடுத்துட்டான். அவன் தலை திரும்புது, தலையில கவசம், ஆனா முகத்துக் கண்ணாடியை ஏத்திவிட்டிருக்கான், நெத்தி வேர்த்திருக்கு, அவன் என்னைத்தான் பாக்கான். முகத்தை இல்ல. கையை. எப்பவும் கையைத்தான் பாப்பான். என் கையில தட்டு. ரெண்டு கையிலயும் தட்டு. ஒரு கையை எடுத்தாத் தட்டு சாயும், சாஞ்சாக் கற்பூரம் விழும், பந்தல் காலு, துணி, அந்தாண்ட டாங்குக்கு ஊத்தினப்ப சிந்தின ஈரம் எங்கெல்லாம் இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தீயை எரிபொருள் பக்கம் விடாதன்னு நானே போட்ட சட்டம். உள்ளங்கை தெரியாட்டிப் போன்னு நானே போட்ட சட்டம். ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுச்சு. தட்டைத் தூக்கிப் பின்னால எறிஞ்சிருக்கலாம். அடுத்து நின்ன சேர்மன் வீட்டம்மா கையில திணிச்சிருக்கலாம். கற்பூரத்தை வாயால ஊதி அணைச்சிருக்கலாம், ஒரே ஊது, அணைஞ்சிருக்கும், ஏன் தோணல? சாமிக்குக் காட்டுற கற்பூரத்தை வாயால ஊதக் கூடாதுன்னு எப்பவோ யாரோ சொன்னது, அதுகூடவா குறுக்க வந்து நின்னுச்சு? தலையை ஆட்டினா. வேண்டாம் வேண்டாம்னு ஆட்டினா. அது ஜாடையில இல்ல. பழக்கத்துல இல்ல. அவன் சிரிச்சான். உதடு அல்வான்னு அசைஞ்சுது. அமுக்கிட்டான்.

சத்தம் கேக்கல அவளுக்கு. எல்லாரும் உக்கடம் வரைக்கும் கேட்டுச்சுன்னு எழுதிக் காட்டினாங்க, இவளுக்குக் கேக்கல. வெளிச்சம்தான், வெள்ளையா, ஒரு கதவைத் திறந்த மாதிரி. அப்புறம் புளோயர் வானத்துல. அவ்வளவு கனமான சாமான், நாலு பேரு சேந்து தூக்கி மாட்டினது, காக்கா மாதிரி மேல போய் ஒரு நிமிஷம் சும்மா நின்னுச்சு. பந்தல் துணி பறந்து வந்து அவ முகத்தைச் சுத்துச்சு, அதுல மல்லிப்பூ வாசனையும் நைட்ரோ வாசனையும் சேந்து ஒரே வாந்தி. தட்டு அப்பவும் கையில இருந்துச்சு. அதுதான். கற்பூரம் மட்டும் அணைஞ்சு போயிருந்துச்சு, ஆனா தட்டு கையிலயே இருந்துச்சு, சந்தனக் கிண்ணம் கூடக் கவிழல. யாரோ வந்து விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க. விரல். ஆஸ்பத்திரியில சிக்கந்தரோட வலது கையில விரல் எத்தனை மிச்சம்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. கேட்டா வாயசைக்காங்க, எழுதிக் காட்டுங்கன்னா எழுத மாட்டேங்கிறாங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கத்தான் விட்டாங்க. முகம் பூராத் துணி, ஒரு கண்ணு மட்டும் வெளிய. அந்தக் கண்ணு அவளைக் கண்டுபிடிச்சுது. ரெண்டு கையிலயும் பந்து மாதிரிக் கட்டு. இடது கையை மெதுவாத் தூக்கினான், கட்டோட, கண்ணாடியைப் பாத்து, உள்ளங்கை இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அப்படியே வச்சுக்கிட்டிருந்தான். ஏன் காட்டலன்னு கேட்டான். வேற என்ன கேப்பான். நர்ஸ் வந்து கையை இறக்கிவிட்டாங்க, மறுபடியும் தூக்கினான். இவ ரெண்டு கையையும் முன்னால நீட்டி, இல்லாத தட்டைப் பிடிச்சுக் காட்டினா. தட்டுலே. கையில தட்டு இருந்துச்சுலே. அவன் கண்ணு மூடிக்கிச்சு. புரிஞ்சுதா, மருந்து மயக்கமா, தெரியல. அது தெரியாமத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

ஸ்லைடு மாறுச்சு. இப்ப சுருட்டோட போட்டோ, பூஜைக்கு முன்னால எடுத்தது, மாலையெல்லாம் போட்டு. அதுல இசக்கியும் இருக்கா ஒரு ஓரத்துல, தட்டோட, பல்லைக் காட்டிக்கிட்டு. லட்சணமாத்தான் இருக்கா. பக்கத்து சீட்டுல கார்வேந்தன், டீம் கேப்டன், முழங்காலை ஆட்டிக்கிட்டே இருக்கான், இவ சீட்டும் சேந்து ஆடுது. இவன் அன்னைக்கு சாருக்கு ரெண்டடி தள்ளித்தான் நின்னான். சிவப்பு பாட்டிலை எடுத்துக் குடுத்தது இவன்தானே. சார் கையை நீட்டினாரு, இவன் குடுத்தான், எந்த பாட்டில்னு ரெண்டு பேரும் பாக்கல. அவன் கையில கிள்ளினா. அவன் திரும்பல. ஏல, திரும்பு. திரும்பினான், கண்ணு சிவந்து கிடந்துச்சு, போன்ல ஏதோ தட்டி அவகிட்டக் காட்டினான்: விட்டுரு இசக்கி, சாருக்கு ரிட்டையர் ஆகக் கொஞ்ச நாள்தான் இருக்கு, உனக்கு வயசிருக்கு, வேற காலேஜ்ல சேந்துக்கலாம். படிச்சா. மறுபடியும் படிச்சா. கோவம்கூட வரல, கோவத்துக்கு முன்னால வர்ற அந்த வெறும் இடம். அப்ப எல்லாருக்கும் தெரியும். இந்த வரிசை பூராத் தெரியும். இவங்க மறந்துட்டாங்க, பயந்துட்டாங்க, பாக்கலைன்னுதானே இவ்வளவு நேரம் நினைச்சுக்கிட்டிருந்தேன். பாத்துட்டுத்தான் உக்காந்திருக்காங்க. எனக்கு வயசிருக்காம். சிக்கந்தருக்கு விரல் இருக்கால? மேடையில சாரோட முகத்தைப் பாத்தா. முதல் தடவையா நல்லாப் பாத்தா. அவரு எங்க பாத்துப் பேசுறாரு? யாரையும் பாக்கல. கடைசி வரிசைக்குப் பின்னால, சுவர்ல ஓடுற ஃபேனைப் பாக்குறாரு. கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்திருக்கு. அடப்பாவி மனுஷா, நீங்களும் தூங்கலையா. தூங்காட்டிச் சொல்லிற வேண்டியதுதானே. சொன்னா என்ன, உங்களைக் கொன்னுருவாங்களா? எங்ககிட்டச் சொல்லிருந்தா, இசக்கி, நான்தாம்மா ஊத்தினேன், என்ன செய்யன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிருந்தா, உங்களோட உக்காந்து நானும் அழுதிருப்பேனே சார். அதை விட்டுட்டு என் பேரைக் கொண்டுபோய் சுவர்ல எழுதுறீங்களே.

எழுந்திரிச்சுட்டா. எப்ப எழுந்திரிச்சான்னு அவளுக்கே தெரியல, கார்வேந்தன் துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்தான், துப்பட்டா அவன் கையிலயே போச்சு, போகட்டும். முழங்காலுங்களை இடிச்சுக்கிட்டு, யார் காலையோ மிதிச்சுக்கிட்டு வரிசையை விட்டு வெளிய வந்தா. நடந்தா. ஹால்ல எல்லா வாயும் ஒண்ணா அசைஞ்சுது, தொட்டியில மீனுங்க மாதிரி, சத்தமே இல்லாம. மேடைக்குப் பக்கத்துல இருந்து யாரோ ஓடி வந்தாங்க தடுக்க. அவ நிக்கல, வலது கையைத் தூக்கி உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. வந்தவங்க நின்னுட்டாங்க. வரிசையில இருந்து எழுந்திரிச்ச டீம் பசங்க எல்லாரும் அப்படியே அசையாம நின்னுட்டாங்க, பழக்கம், உடம்புல ஊறின பழக்கம். சிக்கந்தரோட அத்தா திரும்பி அவளைப் பாத்தாரு, அந்தக் கண்ணு அப்படியே அவன் கண்ணு. மேடைக்கு அடியில, சாருக்கு நேரா வந்து நின்னா. அவரோட உதடு இசக்கின்னு அசைஞ்சுது, உக்காரும்மான்னு அசைஞ்சுது. அவ பேச ஆரம்பிச்சா. அவ குரல் அவளுக்குக் கேக்கல, கத்துறாளா முணுமுணுக்கிறாளான்னு தெரியல, தொண்டையில மட்டும் அதிருச்சு, அதை வச்சு ஏத்திக்கிட்டே போனா.

"சார். நான் கை காட்டல. என் ரெண்டு கையிலயும் தட்டு இருந்துச்சு, அதனால காட்டல, அதை இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன், எழுதிக்கங்க. இனி நீங்க சொல்லுங்க. என்னை எஞ்சின்கிட்ட இருந்து கூப்பிட்டு அந்தத் தட்டைப் பிடிக்கச் சொன்னது யாரு? நான் அந்தாண்ட போனப்புறம் சிவப்பு பாட்டிலைக் கவுத்தது எந்தக் கை? ஊத்தினதுக்கு அப்புறம் பிளக்கைக் கழட்டித் துப்ப விட்டீங்களா, இல்லையா? எனக்குச் சொல்ல வேண்டாம் சார், எனக்குக் காது போயிருச்சு. இந்தா உக்காந்திருக்காங்க பாருங்க, சிக்கந்தரோட அத்தா, அவங்களுக்கு நல்லாக் கேக்கும். ஃபேனைப் பாக்காதீங்க, அவங்களைப் பாருங்க. அவங்க முகத்தைப் பாத்து, மைக்கை வாய்கிட்ட வச்சு, கடைசி வரிசை வரைக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்."